கோடைக் காலையில் உப்பளக் கரை நடை: ஏப்ரலுக்குப் பிறகு பறவை இல்லை என்பது சரியா?

அளக்கரை (வேதாரண்யம்)

மார்ச் முடிந்ததும் இங்கே கோடியக்கரைப் பேச்சு நின்றுவிடுகிறது. "சீசன் முடிந்தது, அக்டோபரில் பார்க்கலாம்" என்று எல்லோரும் பைனாகுலரை உறையில் போட்டுவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் பூநாரையும் உள்ளானும் இறங்குவதைத்தான் பறவை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் அது சரிதான். ஆனால் இந்தச் சதுப்பையே ஊராகக் கொண்ட பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் கோடையில்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நடப்பது அகஸ்தியன்பள்ளியிலிருந்து கோடியக்காடு போகும் சாலையோரம். 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்த உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத்தூண் நிற்கும் அதே அகஸ்தியன்பள்ளி. பக்கத்தில் உப்பளங்கள், அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை சதுப்பு. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரம் நடக்க யாரையும் கேட்க வேண்டாம், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கிருந்தே தெரியும்.

மே மாதத்தில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் எழுந்துவிடும். ஐந்து மணிக்கே இறங்கிவிட வேண்டும். வெளிச்சம் வரும் முன்பே ஆட்காட்டி கத்தத் தொடங்கும். கொஞ்சம் வெளுத்ததும் நெட்டைக்காலிகள் (நெடுங்கால் உள்ளான், Black-winged Stilt) தெரியும், நீண்ட சிவப்புக் கால், கறுப்பு இறக்கை. குளிர்காலத்தில் கூட்டமாக மேயும் இவை இப்போது சோடி சோடியாகப் பிரிந்து ஆளுக்கொரு பாத்தியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சோடி வரப்பைத் தாண்டினால் சண்டைக்குப் போகும். வாய்க்கால் மேல் சின்ன ஆலா ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குத்தென்று விழுந்து, மீனோடு எழும்பும். அந்த மீனை உடனே தின்னாமல் கொண்டுபோனால் எங்கோ ஒரு பெட்டை காத்திருக்கிறது என்று பொருள். உமரிச் செடி படர்ந்த மேட்டில் சாம்பல்தலை வானம்பாடி செங்குத்தாக ஏறி, சீட்டியடித்துக்கொண்டே இறங்கும்.

அப்புறம் உப்புக்கொத்தி. காய்ந்து வெடித்த சேற்றின் நிறத்திலேயே இருக்கும், ஓடும்போது மட்டும்தான் கண்ணில் படும். ஓடி, நின்று, தலையைக் குனிந்து, மறுபடி ஓடும். அது உட்கார்ந்த இடத்தில் மூன்று முட்டைகள் இருக்கலாம். கூடு என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. நெஞ்சால் அழுத்திய ஒரு சிறு பள்ளம், சில கிளிஞ்சல் துண்டு, அவ்வளவுதான். முட்டையைப் பாதி மண்ணில் புதைத்தும் வைக்கும்.

குளிர்காலத்தில் தூரத்தைப் பார்த்து நடக்கிறோம். கோடையில் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். இதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன். உங்கள் ஊர்க் கழிகளில் கோடையில் என்ன பார்க்கிறீர்கள், எப்படி நடக்கிறீர்கள்?

புதுக்கண் (தஞ்சாவூர்)

ஐயா, மிக்க நன்றி. நான் போன டிசம்பரில்தான் பறவை பார்க்கத் தொடங்கினேன். கோடியக்கரைக்கு ஏப்ரல் கடைசியில் வந்தபோது செங்கல் நிறத்தில் வயிறு முழுக்கச் சிவந்த ஓர் உள்ளானைப் பார்த்தேன், மூக்கு கீழ்நோக்கி வளைந்திருந்தது. கையிலிருந்த புத்தகத்தில் குளிர்காலப் படம் சாம்பலாக இருந்தது. அது என்னவாக இருக்கும்? இன்னொரு கேள்வி, மே கடைசியிலும் சில கோட்டான்கள் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த மூக்குள்ள கரைப்பறவை) நின்றன. அவை வழி தவறியவையா?

அளக்கரை (வேதாரண்யம்)

தம்பி, முதலாவது வளைமூக்கு உள்ளான். வடக்கே கிளம்பும் முன் இறகு மாற்றிக் கல்யாணக் கோலத்துக்கு வந்துவிடும். நீங்கள் பார்த்தது கிளம்பத் தயாரான பறவை. கொசு உள்ளானும் அப்போது முதுகில் துருநிறம் ஏறி நிற்கும். 25 கிராம் எடைகூடத் தேறாத அந்தக் கொசு உள்ளான் ஆர்க்டிக் பனிவெளி வரை போய் முட்டையிடுகிறது. பாத்திகளில் இவை விடாமல் மேய்வதெல்லாம் அந்தப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கத்தான். ஏப்ரல் இரண்டாவது, மூன்றாவது வாரம் இங்கே வந்து பார்த்தால் ஜனவரியில் பார்த்த அதே இனங்களா என்று சந்தேகமே வந்துவிடும்.

கோட்டான்கள் வழி தவறவில்லை. முந்தைய ஆண்டு பிறந்த இளசுகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகாததால் அந்த நீண்ட பயணத்தைத் தவிர்த்து இங்கேயே கோடையைக் கழிக்கும். கோட்டான், மூக்கன், மணல் உப்புக்கொத்தி இவற்றில் இது வழக்கம். பூநாரையிலும் ஒரு பகுதி போகாமல் நிற்கும், பெரும்பாலும் இளஞ்சிவப்பு ஏறாத சாம்பல் குட்டிகள்.

வெயில்மானி (புதுச்சேரி)

உப்புக்கொத்தி பற்றி ஒன்று சேர்க்கிறேன், கோடை நடைக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பளக் கரைகளில் முட்டையிடும் இந்தச் சின்ன உப்புக்கொத்தியை நீண்ட காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணை இனம் என்றே வைத்திருந்தார்கள். 1915ல் கொடுத்த துணை இனப் பெயர் 'சீபோமி'. 2023ல் ஐபிஸ் ஆய்விதழில் வந்த கட்டுரை இதன் மரபணு, உடல் அளவு, இறகு நிறம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று காட்டியது. மற்றவற்றிலிருந்து பிரிந்து ஏறக்குறைய 12 லட்சம் ஆண்டுகள் ஆகின்றனவாம். இரு கரைக்கும் இடையிலான மணல் திட்டுகளை நினைத்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது கோடைக்கு வருவோம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் இங்கே வந்து கலந்துவிடும். மங்கிய குளிர்காலக் கோலத்தில் இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். மே, ஜூனில் சிக்கல் இல்லை. முட்டையோடு, குஞ்சோடு இருப்பது நம்முடையதுதான். ஆணின் தலையில் அந்தச் செம்பழுப்பு இருக்காது, முகத்தில் கறுப்பும் குறைவு. இதை நன்றாகக் கண்ணில் ஏற்றிக்கொள்ள இதுதான் மாதம்.

நம் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். அதனால் உப்பளப் பறவைகளின் இனப்பெருக்கம் பற்றிப் பொதுமக்கள் பதிவு மிகக் குறைவு. மே இரண்டாம் சனிக்கிழமை உலகப் பெருநாள் (Global Big Day, உலகெங்கும் ஒரே நாளில் பறவைகளைப் பதிவிடும் நாள்) என்று 2015 முதல் நடக்கிறதே, அன்றைக்காவது எல்லோரும் மலைக்குப் போகாமல் சிலர் கழிமுகங்களுக்குப் போனால் நல்லது.

தீவகத்தாள் (யாழ்ப்பாணம்)

வணக்கம். இங்கேயும் இதே கதைதான். மாசி, பங்குனி முடிந்தால் ஒருவரும் பண்ணை வீதிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் வெள்ளனவே எழும்பி மண்டைதீவு வரை நடந்துவிட்டு வருவேன். மே தொடங்கிச் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் காலம். விடியற்காலையில் காற்றுக் குறைவு, ஏழு மணிக்குப் பிறகு கண்ணைத் திறக்க ஏலாது. ஆழம் குறைந்த கடலேரி என்பதால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஒதுங்கும், மற்றப் பக்கம் சேறு வெளிக்கும். பறவையும் அதன் பின்னால் போகும். வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்ப்பதைவிட அன்றைய காற்றைப் பார்த்துப் போவதுதான் எனக்குப் பலன் தந்தது.

நெட்டைக்காலி, ஆட்காட்டி, சின்ன ஆலா எல்லாம் இங்கும் முட்டையிடுகின்றன. வெயில்மானி சொன்ன அனுமன் உப்புக்கொத்தியின் ஆய்வில் பெரும்பகுதி மன்னாரில் நடந்தது. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது, ஒருமுறை கட்டாயம் வந்து பாருங்கள். ராமர் அணை மணல் திட்டுகளில் ஆலாக்கள் பெருங்கூட்டமாக முட்டையிடுகின்றன. 2015ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முட்டைக் காலத்தில் திட்டில் இறங்காதீர்கள். படகிலிருந்து பாருங்கள், போதும்.

லென்ஸ்வழி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் படம் எடுப்பவன். நெட்டைக்காலி கூட்டில் உட்கார்ந்திருப்பதும், குஞ்சு தாயின் காலடியில் நிற்பதும் எடுக்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. ஜூன் முதல் வாரம் வர நினைக்கிறேன். கூடு எந்தப் பாத்தியில் இருக்கிறது என்று தனிச்செய்தியில் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். தாழப் படுத்து எடுத்தால்தான் கோணம் வரும், அதனால் வரப்பில் கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருக்கும். தொழிலாளர்கள் நாள் முழுக்க அங்கேதானே நடக்கிறார்கள், பறவைகள் மனிதர்களுக்குப் பழகியவைதானே? நாம் ஒருவர் இருவர் போவதால் என்ன ஆகிவிடும்?

அளக்கரை (வேதாரண்யம்)

தம்பி, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் கூடு இருக்கும் இடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை, தனிச்செய்தியிலும் சொல்வதில்லை. சாலையிலிருந்து தெரிவதை எடுங்கள். வரப்பில் இறங்க வேண்டாம்.

வெயில்மானி (புதுச்சேரி)

ஐயா சொன்னதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் இந்தப் பறவைகள் முட்டை மேல் உட்காருவது பெரும்பாலும் சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. கரு வளரும் முட்டை 40 டிகிரிக்கு மேல் நீடித்துச் சூடானால் பிழைக்காது. கத்திரி வெயிலில் காய்ந்த சேற்றின் மேற்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். அதனால் நெட்டைக்காலி, ஆட்காட்டி, உப்புக்கொத்தி, சின்ன ஆலா எல்லாமே ஒரு வேலை செய்யும்: தண்ணீரில் போய் வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். ஈரம் ஆவியாகும்போது முட்டை குளிரும். வெயில் உச்சியில் உப்புக்கொத்திச் சோடி அடிக்கடி ஆள் மாற்றிக்கொள்வதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம்.

இந்த நேரத்தில் நாம் பக்கத்தில் நின்றால் தாய் எழுந்து ஓடும். நாம் நல்ல படத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை நேர் வெயிலில் கிடக்கிறது. நாம் படத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுவோம், அந்த முட்டை அதற்குப் பிறகு பொரியாது. அது நமக்குத் தெரியவும் தெரியாது.

சட்டப்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும்.

லென்ஸ்வழி (திருச்சி)

முட்டைக்கு நிழல் என்ற விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் என் கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை. தொழிலாளர்கள் நடக்கும்போது மட்டும் முட்டை சூடாகாதா?

பாத்திக்கட்டு (மரக்காணம்)

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. அம்மா, அப்பா இருவரும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள், நானும் பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான் இருந்தேன்.

உப்பளத்தில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். விடியும் முன் வந்து உப்பு வாரத் தொடங்குவார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். நடக்கும் வரப்பு தினமும் ஒன்றே. வருவது, போவது, நேரம் எல்லாம் ஒன்றே. கூடையோடு நடக்கிறவர்கள் நிற்க மாட்டார்கள், குனிந்து பார்க்க மாட்டார்கள். நெட்டைக்காலி இரண்டு முறை கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். சில சமயம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதே பறவை, வரப்பில் ஒருவர் நின்று தன் பக்கம் திரும்பினால் உடனே தலைக்கு மேல் வந்துவிடும். நடந்து போகிற ஆள் வேறு, நின்று பார்க்கிற ஆள் வேறு என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்று, வேலை நடப்பது உப்பு இறங்கும் பாத்திகளில். கூடு அதிகம் இருப்பது அங்கே இல்லை. நீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்திகளின் நடு வரப்பு, கைவிட்ட பழைய பாத்தி, உமரி மேடு, இந்த இடங்களில்தான் இருக்கும். அங்கெல்லாம் சீசன் தொடங்கும் முன் வரப்பு கட்டும்போதுதான் ஆள் போவோம், அப்புறம் போவதில்லை. நீங்கள் படுத்துப் படம் எடுக்க நினைக்கும் இடத்துக்கு எந்தத் தொழிலாளியும் மே மாதத்தில் போவதே இல்லை.

எந்தப் பாத்தியில் பறவை இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கழியிலிருந்து ஏற்றும் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி மாறிக் காயும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. முதல் பாத்தியில் மீன், இறால் இருக்கும், ஆலாவும் கொக்கும் அங்கேதான். அடுத்தடுத்த பாத்தியில் உப்பு கூடக்கூட மீன் நிற்காது. அங்கே ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால் பெருகும், கரையில் உப்பு ஈக்கள் மொய்க்கும். பூநாரை, நெட்டைக்காலி, உள்ளான் எல்லாம் அதைத் தேடி வரும். உப்புச் செறிவை அளக்கும் போமே மானியில் தண்ணீர் 25 டிகிரி காட்டினால் உப்பு இறங்கத் தொடங்கும், அந்தப் பாத்தியில் தின்ன எதுவும் இருக்காது. அதனால் வெள்ளையாகப் பளபளக்கும் பாத்தியை விட்டுவிட்டு, பழுப்பாக, பச்சையாக, லேசாகச் சிவந்து கிடக்கும் பாத்தியைப் பாருங்கள்.

புதுக்கண் (தஞ்சாவூர்)

இந்தப் பாத்திக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது அண்ணா. கூடு தென்பட்டால் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள்?

பாத்திக்கட்டு (மரக்காணம்)

அம்மா ஒதுங்கிப் போவார். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைப்பார், மற்றவர்கள் மிதிக்காமல் இருக்க. எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. முட்டையை எடுத்துப் போகிறவர்களும் இருந்தார்கள், பசி இருந்த காலம் அது. இப்போது முட்டையை யாரும் எடுப்பதில்லை. நாய்தான் பெரிய தொல்லை. இறைச்சிக் கழிவைக் கழி ஓரத்தில் கொட்டுகிறார்கள், கூட்டம் கூட்டமாக நாய் வளர்ந்துவிட்டது. விடிகாலையில் வரப்பு வரப்பாக மோந்துகொண்டே போகும்.

வெயில்மானி (புதுச்சேரி)

அம்மாவின் மனசுக்கு வணக்கம். ஆனால் அந்தக் குச்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வெட்டவெளியில் புதிதாக முளைக்கும் எந்த அடையாளத்தையும் காக்கை கவனிக்கும். குச்சியின் மேல் வந்து உட்கார்ந்து கீழே பார்த்தால் முட்டை. ஆராய்ச்சியாளர்களும் இதனால் கூட்டை ஒட்டி அடையாளம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் கூட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, வரப்பின் இரு முனையிலும் ஒவ்வொரு மண்கட்டி வைத்துவிட்டு, இடையில் மிதிக்க வேண்டாம் என்று ஆட்களுக்குச் சொல்லிவிடலாம்.

காக்கை நம்மையும் கவனிக்கிறது. நாம் எங்கே நின்றோம், எந்தப் பறவை அலறியது என்பதெல்லாம் அதற்கு வழிகாட்டி. நான் சாலையில் நிற்கும்போது காக்கை தலைக்கு மேல் கம்பியில் உட்கார்ந்திருந்தால் எந்தச் சோடியையும் உற்றுப் பார்க்காமல் நகர்ந்துவிடுவேன்.

பாத்திக்கட்டு (மரக்காணம்)

இதை அம்மாவிடம் சொன்னேன். "குச்சி இல்லாவிட்டால் மிதிபட்டே போயிருக்கும், அப்போது என்ன செய்வது?" என்று கேட்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆள் அதிகம் நடக்கும் வரப்பில் மிதிபடும் ஆபத்துதான் பெரிது, ஆள் இல்லாத இடத்தில் காக்கைதான் பெரிது. இரண்டுக்கும் ஒரே வழி பொருந்தாது என்று நினைக்கிறேன்.

வெயில்மானி (புதுச்சேரி)

ஒத்துக்கொள்கிறேன். வேலை நடக்கும் வரப்புக்கு அம்மா சொல்வதுதான் சரி.

தீவகத்தாள் (யாழ்ப்பாணம்)

தாய்ப்பறவை என்ன சொல்கிறது என்பதை வடிவாகக் கவனித்தால் யாருக்கும் விதிமுறை தேவைப்படாது. உப்புக்கொத்தி ஒரு சிறகை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினால் அடிபட்ட பறவை என்று நினைத்துப் பின்னால் போகாதீர்கள். நரியையும் நாயையும் கூட்டிலிருந்து விலக்க அது செய்கிற வேலை. கூடோ குஞ்சோ மிக அருகில் இருக்கிறது, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்று அர்த்தம். அதைப் பிடித்துத் தண்ணீர் கொடுக்கப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், நல்ல மனசோடு செய்கிற தீங்கு.

குஞ்சுகளும் அப்படித்தான். பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும், தாய் ஊட்டுவதில்லை, தானே பொறுக்கித் தின்னும். ஆபத்து என்றால் தரையோடு தரையாக அமுங்கிவிடும், ஒரு கல் கிடப்பது போல. தனியாகக் கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். தாய் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

கோடை மழை பற்றி யாரும் சொல்லவில்லையே? ஓர் இரவு கொட்டினால் தாழ்ந்த பாத்தியில் இருந்த கூடு முழுக்கப் போய்விடும். அதற்காக மனம் உடைந்துவிடாதீர்கள். நெட்டைக்காலியும் உப்புக்கொத்தியும் மறுபடி முட்டையிடும். அதனால்தான் ஜூலையில்கூடச் சின்னக் குஞ்சுகளைப் பார்க்கிறோம்.

லென்ஸ்வழி (திருச்சி)

பாத்திக்கட்டு சொன்னதைப் படித்த பிறகு என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூட்டுப் படம் வேண்டாம். சாலையில் காரை நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியில் மணல் பையை வைத்து எடுக்கலாம் என்று இருக்கிறேன். காரைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்தாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சரியா? எந்த நேரம் வெளிச்சம் நன்றாக இருக்கும்?

அளக்கரை (வேதாரண்யம்)

மகிழ்ச்சி தம்பி. கார் நல்ல மறைவிடம்தான். ஆனால் அந்தச் சாலையில் உப்பு லாரி வரும், ஓரம் ஒதுக்கி நிறுத்துங்கள். விடிந்து ஒரு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். கிழக்கே கடல் பக்கம் பார்த்து நின்றால் பறவை கறுப்பாகத் தெரியும். சூரியனை முதுகுக்கு வைத்து மேற்குப் பக்கப் பாத்திகளைப் பாருங்கள். ஏழரைக்குப் பிறகு கானல் எழும்பிவிடும், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும்.

கூடு இல்லாமலே எடுக்க நிறைய இருக்கிறது. ஆண் ஆலா மீனைக் கொடுத்துப் பெட்டையை அழைப்பது, ஆட்காட்டி செம்பருந்தைத் துரத்துவது, நெட்டைக்காலி வயிற்றை நனைத்துக்கொண்டு காலில் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகப் பறப்பது. கடைசியில் சொன்னதை நல்ல படமாக நான் இன்னும் பார்த்ததில்லை, நீங்கள் முயன்று பாருங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிழல் தர மரம் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் இருந்த பெரிய மரங்களைச் சாய்த்துப் போட்டுவிட்டது, உப்பளங்களையும் சேறு மூடியது. உப்பளக்காரர்கள் வரப்பை மறுபடி கட்டித் தொழிலுக்கு வந்தார்கள், பறவைகளும் அந்த வரப்புகளுக்கே திரும்பின. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் வராதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும், உப்பில் படும் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும்.

புதுக்கண் (தஞ்சாவூர்)

ஐயா, சின்ன ஆலாவை மற்ற ஆலாவிலிருந்து எப்படிப் பிரிப்பது? இப்போது வேறு ஆலாக்களும் இருக்குமா?

வெயில்மானி (புதுச்சேரி)

அளவே சொல்லிவிடும், ஆலாக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. கோடைக் கோலத்தில் மஞ்சள் மூக்கு, நுனியில் கறுப்பு, கறுப்புத் தொப்பிக்குக் கீழே வெள்ளை நெற்றி. சிறகை மிக வேகமாக அடிக்கும். இதே அளவில் சாண்டர்ஸ் ஆலா என்று ஒன்று நம் கடற்கரையிலும் இலங்கையிலும் உண்டு. அதில் வெள்ளை நெற்றி கண்ணுக்கு மேலே நீளாமல் சதுரமாக நின்றுவிடும், கால் மங்கலாக இருக்கும். தூரத்தில் பிரிப்பது கஷ்டம், சந்தேகம் இருந்தால் 'சின்ன ஆலா அல்லது சாண்டர்ஸ் ஆலா' என்றே பதிவிடுங்கள். தடித்த கறுப்பு மூக்கோடு பெரிதாக ஒன்று பறந்தால் பருத்தமூக்கு ஆலா.

ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவிடும்போது கூடு இருந்த இடத்தைக் குறிப்பில் எழுதாதீர்கள். இனப்பெருக்கக் குறியீடு மட்டும் கொடுத்து, இடத்தைப் பொதுவாகச் சாலை அல்லது சதுப்பின் பெயரில் போடுங்கள். கூட்டுப் படத்தையும் குஞ்சு பறந்த பிறகே ஏற்றலாம். நெட்டைக்காலி முட்டை பொரிய மூன்றரை வாரம் போல ஆகும், அதற்கப்புறம் குஞ்சு பறக்க ஒரு மாதம். அதுவரை அவசரம் எதுவுமில்லை.

பாத்திக்கட்டு (மரக்காணம்)

எங்கள் பக்கத்துக்கும் வாருங்கள். கழுவேலியை 2021ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வடக்கே உப்பு நீர், தெற்கே போகப் போக நல்ல நீர் என்று இரண்டும் கலந்த இடம். கோடையில் தெற்கே வற்றி வெடித்துவிடும், ஆடு மாடு மேயும் தரையாகிவிடும். மஞ்சள்மூக்கு ஆட்காட்டியைப் பார்க்க அதுதான் நேரம். செம்மூக்கு ஆட்காட்டி தண்ணீர் ஓரம், இது காய்ந்த தரை. இது அவ்வளவு கத்தவும் செய்யாது.

தீவகத்தாள் (யாழ்ப்பாணம்)

அளக்கரை ஐயா, உங்கள் பக்கம் முதல் பவளக்காலி (Common Redshank, வலசை வரும் உள்ளான் வகை) எப்போது திரும்புகிறது? இங்கே ஜூலை கடைசியில் ஒன்றிரண்டு வந்துவிடுகின்றன. போனவை எல்லாம் அக்டோபரில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள்.

அளக்கரை (வேதாரண்யம்)

இங்கும் கிட்டத்தட்ட அதேதான் அம்மா. வடக்கே கோடை மிகச் சிறியது. முட்டை தவறிப்போனவையும், குஞ்சைத் துணையிடம் விட்டுவிட்டு வருபவையும் சீக்கிரமே தெற்கே திரும்பிவிடும். ஜூலைக் கடைசியில் பவளக்காலி, ஆகஸ்ட் முதல் பாதியில் மணல் உப்புக்கொத்தி, வளைமூக்கு உள்ளான். முதலில் வருபவை பெரியவை, உடம்பில் கோடை நிறம் மங்கி மங்கித் திட்டுத் திட்டாக இருக்கும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால் தனியாக வரும், முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய ஓரம் ஒழுங்காகத் தெரியும். மே நடுவில் கடைசிக் கூட்டம் போகிறது, ஜூலை முடிவில் முதல் கூட்டம் வருகிறது. இடையில் கிடைப்பது இரண்டு மாதமும் ஒரு சில வாரமும்தான், அதுவும் முட்டையும் குஞ்சுமாக நிறைந்த மாதங்கள்.

ஜூலை இருபதுக்கு மேல் யார் எங்கே நடந்தாலும் முதல் பவளக்காலியை இந்த இழையிலேயே பதிவிடுங்கள். நாள், ஊர், பறவையின் நிறம், பாத்தியில் தண்ணீர் இருந்ததா காய்ந்திருந்ததா, இந்த நான்கும் போதும். யாழ்ப்பாணம், வேதாரண்யம், மரக்காணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் எந்தக் கரைக்கு முதலில் வருகிறது என்று தெரியும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கேதான் நமக்கு ஆளே இல்லை.